நாக்கு இழுத்தால்

5-1-2025, ஞாயிறு

ஷீரடி போவது முடிவாகிவிட்டது. பேரனுக்கு ஒரு வயசு நிறைந்ததும் வருகிறேன் என்று என் மனைவி பாபாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். பிப்ரவரி. நான் உடனே சரி என்றேன். அவள் நம்பாமல் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தாள்.

மத்தியானம் மொபைலில் வரைபடத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஷீரடிக்கு மேற்கே நாசிக். 90 கிலோமீட்டர்தான். நெஞ்சு ஒரு குதி குதித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

காபித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

6-1-2025, திங்கள்

டேனரியில் நாலாம் நம்பர் டிரம்மில் கறுப்பு. சாயம் உள்ளே இறங்கவில்லை. இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டினோம். முழங்கால் விண்விண் என்கிறது.

தோல் பதனிடும் மிமோசா மூட்டை பிரிக்கும்போது அந்த இத்தாலிக்காரர் ஞாபகம் வந்தார். 2011. மூன்று வாரம் இங்கேயே இருந்து ரீடேனிங் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குப் போகிற அன்று ராத்திரி ஓட்டலில் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் ஊற்றித் தந்தார். எனக்குப் பழக்கமில்லை. ஒரு வாய். கன்னம் இரண்டும் உள்பக்கமாக இழுத்துப் பிடித்தது. பல்லின் மேல் சுண்ணாம்பு பூசின மாதிரி. நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் பையிலிருந்து சாம்பிள் தோலை எடுத்து மேஜையில் போட்டு, கிளாஸையும் தோலையும் மாறி மாறிக் காட்டினார். ‘டானினோ, டானினோ.’

இன்னொரு வாய் கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு வயசு பதினாலு ஆகிறது.

8-1-2025, புதன்

காலையில் மூக்கு. கற்பூரம் வந்தது. ஆனால் அது வாசனையா, உறைப்பா? வேப்பெண்ணெய் இல்லை. ஆரஞ்சுத் தோல், நுனியில் ஏதோ. காபி இல்லை.

ஒயின் ருசிப்பதில் பெரும்பங்கு மூக்குக்குத்தானாம். படித்துவிட்டு மொபைலைக் கவிழ்த்து வைத்தேன்.

டாக்டர் வயசு என்றார், கொரோனா என்றார், வேலையும் சேர்ந்திருக்கும் என்றார். எனக்குத் தெரியும். 1991-லிருந்து ஏழு வருஷம் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம். சல்ஃபைடு வேலை. ‘அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லை, திடீர்னு நின்னுதுன்னா ஓடு’ என்றுதான் முதல் நாளே சொன்னார்கள். அந்தக் காற்று அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரக்க வைக்கும். நான் இரண்டு தடவை ஓடியிருக்கிறேன்.

9-1-2025, வியாழன்

பாயிடம் நாசிக் ஒயின் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். டீ நேரத்தில், டிரம் சத்தத்தில். அவருக்கு மட்டும்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு அது ஆகாது, தெரியும் இல்ல. நீங்க இன்னாத்துக்குப் போறீங்கன்னு புரியுது. டிக்கெட் நான் பாக்கறேன்” என்றார். கண் கலங்கிவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

11-1-2025, சனி

பாய் பார்த்துச் சொன்னது: ஷீரடிக்குப் புதன்கிழமை ஒரு வண்டி, சென்னையிலிருந்து. காட்பாடியில் ஏறலாம். வியாழன் போய்ச் சேரும். அதே வண்டி வெள்ளிக்கிழமையே திரும்பிவிடுகிறது. ஒரு நாளில் பாபாவைப் பார்க்கலாம், நாசிக் முடியாது. திரும்புவதற்கு வேறு வழி. நாசிக்கிலிருந்து பஸ்ஸில் புனே, அங்கே சென்னை வண்டி, அரக்கோணத்தில் இறங்க வேண்டும்.

பிப்ரவரி 12-க்குப் போட்டாயிற்று. காத்திருப்புப் பட்டியல் 31, 32. கும்பமேளாவுக்கு ஊரே பிரயாக்ராஜ் கிளம்புகிறது, நம் வண்டி அந்தப் பக்கம் போகாவிட்டாலும் எல்லா வண்டியும் நிரம்பிக் கிடக்கிறது.

ராத்திரி படித்தேன். நாசிக்கில் திராட்சை வெட்டுவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி தூங்கிவிடும். இங்கே தூங்காது. அதனால் இரண்டு கவாத்து. ஏப்ரலில் ஒன்று, மழை முடிகிற நேரத்தில் இன்னொன்று. பழம் ஒரு தடவைதான். நாம் போகும்போது வெட்டு நடந்துகொண்டிருக்கும். கூடை கூடையாக வருவதைப் பார்க்கலாம்.

சரியான காலம். கூட்டமும் அதே காலத்தில்தான்.

13-1-2025, திங்கள்

போகி. நாலரைக்கே தெருவில் எரித்தார்கள். கண் எரிந்தது, மூக்கில் ஒன்றுமில்லை.

பத்து மணிக்கு அவள் கொல்லையில் இருந்தாள். அடுப்பில் பால். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடி வந்து இறக்கினாள். பால் பொங்கி, வற்றி, அடிபிடித்து, பாத்திரமே கறுத்திருந்தது. “பக்கத்துல இருந்துக்கினே தெரியலையா?” என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாசிக் போய் என்ன செய்யப் போகிறேன். வேண்டாம்.

14-1-2025, செவ்வாய்

பொங்கல். பேரன் கரும்பைக் கடிக்கப் பார்த்தான், ஈறு மட்டும்தான். நல்ல நாள்.

15-1-2025, புதன்

பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஆவாரம்பூ கட்டியிருந்தார்கள். பூவைப் பார்த்தால் எனக்குப் பட்டைதான் ஞாபகம் வரும். அப்பா.

அப்பா வேலை பார்த்த இடத்தில் டிரம் கிடையாது. குழிதான். ஆவாரம்பட்டை ஊறின தண்ணீர், செம்மண் நிறத்தில். தோல் வாரக்கணக்கில் அதில் கிடக்கும். ஒவ்வொரு குழியாகப் போவார். வலது கை நடுவிரலை முக்கி நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். துப்புவார். ‘இது செத்துப்போச்சு, பட்டை போடு.’ ‘இது இருக்கு.’ அளக்கிற கருவி ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்பு லீவில் நானும் விரலை வைத்து நக்கினேன். வாய் கோணிக்கொண்டது. அப்பா அன்று சிரித்த மாதிரி பிறகு சிரித்துப் பார்க்கவில்லை. ‘நாக்கு இழுத்தா தோல் இழுக்கும்டா’ என்றார்.

பிற்பாடு குரோம் வந்தது. வாரக்கணக்கில் நடந்தது ஒரே நாளில் முடிந்தது. தோல் நீலமாக வந்தது. நாக்குக்கு வேலை போயிற்று. குரோம் தண்ணீரை யார் நாக்கில் வைப்பார்கள்.

அப்பா ஒயின் பார்த்ததில்லை. கொடுத்திருந்தால் குழி எது என்று சொல்லியிருப்பார்.

போகிறேன். கட்டாயம் போகிறேன்.

17-1-2025, வெள்ளி

மூக்கு: கற்பூரம் வந்தது. காபி இல்லை.

நாக்குப் பரீட்சை ஆரம்பித்தேன். மூக்கு போனாலும் நாக்கு இருக்கிறதே. துவர்ப்பு வாசனை இல்லை, ருசி என்றுகூடச் சொல்ல முடியாது. அது தொடுகை. எச்சிலில் இருக்கிற புரதத்தை டானின் கட்டிவிடுகிறது. வழவழப்பு போய்விடும், வாய் வறளும், இழுக்கும். குழியில் தோலுக்கு நடப்பதும் அதேதான். தோலில் இருக்கிற புரதத்தைப் போய்க் கட்டுகிறது. முப்பத்தேழு வருஷமாகச் செய்கிற வேலை. என் வாய்க்குள்ளும் அதுதான் நடக்கிறது என்று இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

பால் இல்லாத கடுந்தேநீர்: நாக்கின் முன்பக்கம், சீக்கிரம் போய்விடுகிறது. கொட்டைப்பாக்கு: கன்னம். வாழைப்பூ பச்சையாக: மெல்லிசு. மாதுளம்பழத் தோல்: முரடு, கசப்பும் சேர்ந்து. கடுக்காய்: அப்பா. நாக்கின் ஓரம் இரண்டும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதற்குப் பிறகு தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கிறது.

எல்லாம் பிரித்துப் பிரித்துத் தெரிந்தது. எல்லாம்! கொல்லையில் தனியாக நின்றுகொண்டு சந்தோஷமாக இருந்தது.

19-1-2025, ஞாயிறு

பெரியவன் பெங்களூரிலிருந்து பேசினான். ஷீரடிக்குத் துணைக்கு வரட்டுமா என்றான். பேச்சோடு பேச்சாக நாசிக் என்று விட்டுப் பார்த்தேன். உடனே, “ஒயினரிப்பா அங்க. அதுக்கா? இங்கயே நந்தி மலைப் பக்கம் தொட்டபல்லாபூர்ல இருக்கு. குரோவர். ஒரு நாள் போதும், நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்” என்றான்.

கோபம் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை. நல்லதுதான் சொன்னான். 1988-லேயே ஆரம்பித்த தோட்டமாம், பக்கம், செலவு இல்லை. ஆனால் அவனோடு போனால் அவன் எனக்குக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். இது நானே கண்டுபிடித்துப் போக வேண்டியது.

அம்மாவிடம் சொல்லாதே என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

20-1-2025, திங்கள்

பிப்ரவரி 14 வெள்ளிக்கிழமை! காதலர் தினம். சேர்ந்தாற்போல் சனி ஞாயிறு. மும்பை, புனே ஜனம் முழுக்க நாசிக்கில் இருக்கும். தோட்டத்துக்குள்ளேயே தங்குகிற ரூம் விலை பார்த்தேன், என் அரை மாசச் சம்பளம். மூடிவிட்டேன்.

பஞ்சவடிப் பக்கம் யாத்திரிகர் தங்குமிடங்கள் நிறைய. அங்கே தங்கலாம். அங்கிருந்து கங்காபூர் அணைப்பக்கம் ஆட்டோ.

22-1-2025, புதன்

நாலு ராத்திரியாகப் படித்ததில் தேறினது. சூலா ஒயின் தோட்டம். ராஜீவ் சமந்த் என்பவர் அமெரிக்க வேலையை விட்டு வந்து அப்பா நிலத்தில் முதலில் வேறு விவசாயம் செய்து பார்த்திருக்கிறார். 1997 வாக்கில் ஒயின் திராட்சை நட்டார். 2000-த்தில் முதல் ஒயின். அம்மா பேர் சுலபா, அதிலிருந்து சூலா. அம்மா பேர் வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்திலேயே யார்க், சோமா என்று வேறு தோட்டங்களும் இருக்கின்றன. எல்லாம் கோதாவரித் தண்ணீர்.

வெள்ளையில் எனக்கு வேலை இல்லை. பழத்தைப் பிழிந்து தோலை எடுத்துவிடுகிறார்கள், சாறு மட்டும் புளிக்கிறது. சிவப்புக்குத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். நிறம் தோலிலிருந்து. துவர்ப்பு தோலிலிருந்தும் விதையிலிருந்தும். பிறகு ஓக் மரப் பீப்பாய், அதிலிருந்தும் கொஞ்சம். அந்த ஓக் பட்டையில்தான் ஐரோப்பாக்காரன் காலங்காலமாகத் தோல் பதனிட்டான்.

தோலில் இருந்து. இந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஷிராஸ் ஒன்று, கேபர்னே சாவிஞான் ஒன்று. இரண்டு போதும். துப்பிவிடவும் செய்யலாமாம். அதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள். அப்பாவும் துப்புவார்.

24-1-2025, வெள்ளி

“ஷீரடிக்குப் போறோம், நாசிக்கு இன்னாத்துக்கு ரூம்?” பாய் அனுப்பின குறிப்பைப் பார்த்திருக்கிறாள்.

திரியம்பகேஸ்வரர் என்றேன். ஜோதிர்லிங்கம், கோதாவரி பிறக்கிற இடம், இவ்வளவு தூரம் போய்விட்டுப் பார்க்காமல் வரலாமா. எல்லாம் உண்மை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் இவளிடம் மறைத்தது இரண்டே விஷயம். அதில் ஒன்று கடன்.

26-1-2025, ஞாயிறு

மச்சான் வந்தான். எப்படியோ மூக்கில் வியர்த்திருக்கிறது. “மாமா, நாசிக்காமே! நானும் வரேன்” என்று கண்ணடித்தான். அவனுக்கு எங்கே போனாலும் பாட்டில். அவன் வந்தால் நான் குடிக்கப் போனதாகிவிடும். அவளுக்கும் அப்படித்தான் தெரியும், எனக்குமே அப்படித் தெரிய ஆரம்பித்துவிடும். டிக்கெட் இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனான்.

மூக்கு இல்லை. எதுவும் இல்லை. கற்பூரம்கூட இன்று மங்கல்.

31-1-2025, வெள்ளி

டேனரியில் யாரும் சரியாக வேலை பார்க்கவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நேற்று வந்திருக்கிறது. பாலாறு. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு கொடுக்க வேண்டும், அதை மாசுபடுத்தினவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு. 1996 ஆகஸ்ட் தீர்ப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போதும் இப்படித்தான் கும்பல் கும்பலாக நின்றோம். ‘மூடிருவாங்களா?’ அதே கேள்வி. இன்று கேட்ட பையன் அப்போது பிறந்தே இருக்க மாட்டான்.

மாமனார் வீட்டுக் கிணறு ஆம்பூர்ப் பக்கம், ஆற்றோரம். 1990-ல் எங்கள் கல்யாணச் சமையல் முழுக்க அந்தத் தண்ணீரில். இப்போது அதில் மாடு வாய் வைக்காது. அவள் அந்தக் கிணற்றைப் பற்றிப் பேசுவதே இல்லை. என்னை வைத்துக்கொண்டு பேச வேண்டாம் என்றுதான். அந்தத் தொழில் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

தீர்ப்பு நியாயம். இங்கே எழுதலாம், டேனரியில் சொல்ல முடியாது. தீர்ப்பு நியாயம்.

கோதாவரிக் கரையில் போய் ஒரு வாய் ருசி பார்க்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகிறேன். இங்கே ஆற்றில் ஒரு வாய் தண்ணீர் இல்லை. மனசு கனத்துக் கிடக்கிறது.

மேனேஜர் சொன்னார், பிப்ரவரியில் யாருக்கும் லீவு சந்தேகம்.

2-2-2025, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் சொல்ல ஆரம்பித்தேன். இத்தாலிக்காரர், கன்னம், தோல், ஓக் மரம், எல்லாம் முன்னும் பின்னுமாக. மூக்கு முழுசாகப் போய்விட்டது என்பதையும். அதை இதுவரை பாதிதான் சொல்லியிருந்தேன்.

அவள் கை நிற்கவே இல்லை. உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “மாமா விரல வுட்டு நாக்குல வச்சிப் பாப்பாரே, அதுவா?” என்றாள்.

அதுதான் என்றேன். அதைத் தவிர ஒன்றும் சொல்ல வரவில்லை. கல்யாணமான புதிசில் ஒரு தடவை சாப்பாடு கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறாள். முப்பத்தைந்து வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறாள்.

“நான் தொட மாட்டேன். கூட வரேன். ஆனா கோயில் எல்லாம் முடிச்சுட்டுதான் அங்க. அதுக்கப்புறம் ஒரு கோயிலும் கெடையாது. குளிச்சுட்டு வீட்டுக்கு வர்றதுதான்.” கொஞ்ச நேரம் கழித்து, “பொய் சொல்லி சாமி பேரை இழுத்தீங்களே, அதுதான் கஷ்டமா இருக்கு” என்றாள்.

மொச்சைக் குழம்பு. அதில் அவள் போட்ட பெருங்காயம் எனக்கு வந்த மாதிரி இருந்தது. மாதிரிதான்.

4-2-2025, செவ்வாய்

வரிசை மாற்றி எழுதினேன். வியாழன் ஷீரடி. வியாழன் பாபா கிழமை, கூட்டம் சாயும், பரவாயில்லை, அவளுக்கு வியாழன்தான் வேண்டும். வெள்ளி அதிகாலை பஸ், நாசிக், திரியம்பகம், சாயங்காலம் பஞ்சவடி, காலாராம் கோயில். சனி காலை முதல் ஆளாகத் தோட்டம், கும்பல் சேர்வதற்கு முன்னால். பதினோரு மணிக்கெல்லாம் வெளியே. அன்றே புனே. பிப்ரவரி 14 ராத்திரி கூத்தெல்லாம் முடிந்து மும்பைக்காரர்கள் சனிக்கிழமை காலையில் லேட்டாகத்தான் எழுந்திருப்பார்கள். பாய் சொன்ன யோசனை.

சுகர் பார்த்தேன். 168. டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். வெறும் வயிற்றில் வேண்டாம், இரண்டு மூன்று மிடறுக்கு மேல் வேண்டாம் என்றார். இரண்டே போதும்.

6-2-2025, வியாழன்

காத்திருப்பு 9, 10. லீவு இன்னும் வரவில்லை. எல்லாவற்றின் மேலும் எரிச்சல். உள்ளங்கையில் பழைய அரிப்பு திரும்பியிருக்கிறது, குரோம் அரிப்பு. தேங்காயெண்ணெய்.

காபி இல்லை.

8-2-2025, சனி

லீவு கிடைத்தது. ஐந்து நாள். கேட்டது போலவே. மேனேஜர், “பாபாகிட்ட நம்ம கம்பெனிக்கும் வேண்டிக்கோங்க” என்றார். அவருக்கும் பயம் இருக்கிறது. வேண்டிக்கொள்கிறேன். ஆற்றுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வேன்.

9-2-2025, ஞாயிறு

இன்று காலை காபி டிகாஷன் இறங்கும்போது ஒரு நொடி. சத்தியமாக வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டது. அவளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டாள். வரவில்லை. மூன்றாவது தடவையும் போட்டாள். வரவில்லை. மூன்று டம்ளர் காபியையும் ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம்.

11-2-2025, செவ்வாய்

தைப்பூசம். ரத்தினகிரி போய்விட்டு வந்தோம். படியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

சாயங்காலம் பாய் போன் செய்தார். டிக்கெட் உறுதியாகிவிட்டதாம். கீழ் பெர்த் ஒன்று, நடு பெர்த் ஒன்று. “ருசி எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க. ஆவாரம்பட்டை மாதிரியா, மிமோசா மாதிரியான்னு மட்டும் சொல்லுங்க, எனக்குப் புரிஞ்சிரும்” என்றார்.

பையில்: மாத்திரை, ஸ்வெட்டர் இரண்டு, புளிச்சாதம், பேரன் முடியில் கொஞ்சம் மஞ்சள் துணியில் முடிந்து, ஒரு கடுக்காய்.

12-2-2025, புதன்

விடிகாலை. அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள். ஏழேகாலுக்கு ஆற்காட்டு பஸ், அங்கிருந்து வேலூர், காட்பாடி.

காபி டப்பாவைத் திறந்தேன். வரவில்லை. கடுக்காயைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். இழுத்தது.